இரண்டு பவுண்டு கைப்பிடி

வெண்டல் மாமா பந்தயத்தில் தன் வண்டியை ஓட்ட என்னைத் தேர்ந்தெடுத்தது என் திறமைக்காக இல்லை. வேட்டையில் சுட்ட மானைத் தொங்கவிட்டு எடை பார்க்க அவர் கேரேஜ் உத்தரத்தில் ஒரு தராசு இருக்கிறது. அதன் கொக்கியில் என்னைக் கோட்டோடு மாட்டினார். முள்ளைப் பார்த்தார்.

"அடேயப்பா! போன வருஷம் சுட்ட பொட்டை மான்கூட இதைவிடக் கனமா இருந்துச்சுடா, எல்லிஸ்!"

முகமெல்லாம் பூரிப்பு. என் உடம்பைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. இறக்கிவிடச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாமா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரிலும் பிள்ளைகளை ஊர்ந்து ஊர்ந்து பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவருக்குப் பின்னால் மாட்டிய கார்க்காரர்கள் ஜெபப் புத்தகத்தில் இல்லாத வார்த்தையெல்லாம் சொல்வார்கள். அந்த நிதானத்தையெல்லாம் சேர்த்துவைத்து அவர் செலவழிப்பது பிப்ரவரியில், டாம்ராக் ஏரி கல்லாய் உறைந்த பிறகு நடக்கும் பனிவண்டிப் பந்தயத்தில். முன்னால் சறுக்குப் பலகையும் அடியில் சுழலும் ரப்பர் பட்டையும் கொண்ட மோட்டார் வண்டிகள் இரண்டு, ஒரே நேர்க்கோடு, பச்சை விளக்கு எரிந்தால் பாய்ச்சல். அதில் எனக்குப் பிடித்த அம்சம், சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான்.

ஆறு குளிர்காலமாக, வீட்டில் கணப்பு வைத்த கேரேஜில் படுத்திருந்தது அந்தப் பனிவண்டி. மார்லிஸ் அத்தையின் கார் வாசலில் வெட்டவெளியில் நின்றது. விடிந்தால் அத்தை கண்ணாடியில் பனியைச் சுரண்டும் சத்தம், யாரோ பல்லைக் கடிப்பதுபோல் கேட்கும். இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில், நன்றிகூறும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே அத்தை சொன்னார்:

"இந்தத் தடவையும் என் தங்கச்சிகிட்ட தோத்தீங்கன்னா, உங்க வண்டி வெளியே, என் கார் உள்ளே. கத்தியைக் கையில வச்சிக்கிட்டுச் சொல்றேன்."

தங்கச்சி கொரின், பல் மருத்துவமனையில் உதவியாளர். ஊரில் பாதிப்பேர் வாயைத் திறக்கவைத்தவள், மாமாவின் வாயை மட்டும் வருஷாவருஷம் ஏரியில் வைத்து மூடவைப்பாள்.

மாமா வேலையில் இறங்கினார். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையை, குளிர் கூடக் கூடப் பெரிதாக மாற்றினார். கிளட்சுக்குள் இருக்கும் சின்ன எடைகளைக் கழற்றி, அரத்தால் தேய்த்து, மாட்டி, மறுபடி கழற்றினார். பட்டையில் உள்ள நூற்றுக்கணக்கான ஆணிகளையும் ஊசியாகச் சீவினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எடைப் பைத்தியம் பிடித்துவிட்டது. முன்விளக்கு போனது. இருக்கையின் பஞ்சு போனது. இரும்பு எங்கெங்கு தெரிந்ததோ அங்கெல்லாம் துளை போட்டார். கடைசியில் ரம்பத்தை எடுத்து, வண்டியின் பின்னால் இருந்த கைப்பிடியை அறுத்துத் தராசில் போட்டார்.

"ரெண்டு பவுண்டு! இத்தனை வருஷமா இந்தச் சனியனைச் சும்மா சுமந்திருக்கேன்."

நானும் தலையாட்டினேன். யார் எது சொன்னாலும் தலையாட்டுவது என் இன்னொரு தகுதி.

பந்தயத்தன்று காலை, வியர்த்து எடை குறையட்டும் என்று, என்னைச் சவுனா என்ற வெந்நீராவி அறையில் பூட்டினார்.

"மாமா, வெந்துட்டேன்."

"வேகட்டும். இன்னும் ஒரு பவுண்டு இருக்கு."

வெளியே வந்து கோட்டைப் போட்டதும் பையைத் தடவி என் புத்தகத்தை உருவினார். "என்னடா இது?"

"புதுக்கவிதை மாமா. லேசாத்தான் இருக்கும்."

புரட்டிப் பார்த்தார். "பாதிப் பக்கம் வெத்தாத்தானே கிடக்கு? அதைக் கிழிச்சுட்டு எடுத்துட்டு வா."

விமர்சனம் என்று பார்த்தால் இதைவிடச் சுருக்கமானதை நான் படித்ததில்லை.

ஏரியில் கொரின் எங்களுக்காகக் காத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அத்தான், ஓட்ட ஆள் கிடைக்கலையா? கோட்டு மாட்டுற ஸ்டாண்டைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"சிரி, சிரி. இன்னைக்கு என் வண்டியோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டே வரப்போற."

"உங்க பின்பக்கத்தைப் பாக்க எங்க அக்கா ஒருத்தி போதும், பாவம்."

வண்டியைச் சூடாக்க ஒருமுறை ஓட்டிவிட்டு, தொடக்கக் கோட்டில் வந்து நின்றோம். விளக்கு எரியும் நேரத்தில், மீன்பிடிக் குடிசை ஒன்றிலிருந்து யாருடைய நாயோ தடத்துக்குள் புகுந்துவிட்டது. நாலு பேர் துரத்தினார்கள். நாய்தான் அன்றைக்கு ஏரியில் மிக வேகம். அது முடியும்வரை நாங்கள் அப்படியே நின்றோம்.

சூடான பட்டை பனிக்கட்டியை உருக்கும்; உருகினது உடனே உறைந்து பட்டையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் விளக்குக்கு முன் ஒருவர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி உலுக்கிவிடுவது வழக்கம். கொரினின் கணவர் வந்தார், தூக்கினார், 'படக்'கென்று பட்டை விட்டது. மாமாவும் குனிந்தார். இரண்டு கையையும் நீட்டினார். கை காற்றைப் பிடித்தது. அங்கே கைப்பிடி இல்லை. கீழே அவரே சீவிய ஆணிகள் மட்டும் இருந்தன.

நிமிர்ந்தார். பிறகு என் காதருகே வந்து, "எல்லிஸ், நல்லா முறுக்கு. கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்.

பச்சை. முறுக்கினேன். கொரின் போய்விட்டாள். என் வண்டி கத்தியது, பெல்ட் புகைந்தது, நகரவில்லை. கூட்டம் ஹோவென்றது. கர்த்தரும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். அப்புறம் பட்டை திடீரென்று பிய்த்துக்கொண்டது. இவ்வளவு லேசான ஆளை இவ்வளவு லேசான வண்டி எதற்காகச் சுமக்கும்? அது போனது, நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன், பனிமேல். இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கயிறு இழுபட்டு இஞ்சின் அணைந்தது. கொஞ்ச தூரத்தில் ஆளில்லாமல் நின்றது வண்டி. நான் படித்த எந்தக் கவிதையையும்விட அந்தக் காட்சி எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

கொரின் திரும்பி வந்து இறங்கினாள். "அத்தான், என்கிட்ட தார்ப்பாய் ஒண்ணு உபரியா இருக்கு. வெளியே மூடிவைக்க ஆகும்."

மாமா வாங்கிக்கொண்டார். அத்தை போட்ட நிபந்தனையை மீறவில்லை. அன்று சாயங்காலமே வண்டி வாசலுக்கு வந்தது, கார் உள்ளே போனது. மறுநாள் அத்தை சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. சுரண்டல் இல்லை, திட்டு இல்லை. அத்தை எனக்கு முட்டையும் மான் சாசேஜும் சுட்டுப் போட்டார். தடுக்க ஆளில்லாததால் வயிறார சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் கேரேஜிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "ஏங்க, என் கார்ல பின்சீட்டு எங்கே?"

"நீ ஒருத்திதானே போற, மார்லிஸ்? எதுக்கு வெட்டியா சுமந்துகிட்டு..."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உத்தரத்துக் கொக்கியில், நான் தொங்கிய அதே இடத்தில், பின்சீட் தொங்கியது. மாமா முள்ளைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.