வாய்க்காலைத் தாண்டிய வேன்

டெல்லிக் குளிருக்குப் பயந்து ஓடிவரும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கென்றே தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள் இரும்புக் கன்டெய்னர்களை வரிசையாக இறக்கி, ஜன்னல் வெட்டி, ஏசி மாட்டி வாடகைக்கு விடுகிறார்கள். கார்த்திகைக் கடைசியில் வந்து மாசியில் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் அது வீடில்லை, இட்லிக் குண்டான்.

காலையில் வாய்க்கால் கரையில் நடை. மாலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ரம்மி, சர்க்கரை அளவு, அமெரிக்கப் பேரனின் சாமர்த்தியம். சனிக்கிழமைதோறும் ஒரு வேன் பிடித்து எங்காவது போவோம். வேளாங்கண்ணி கடற்கரை, மன்னார்குடி தெப்பக்குளம், பட்டுக்கோட்டையில் யாரோ தெரிந்தவரின் தோப்பு. எனக்கு இந்தக் கூட்டம் ஒத்துவராது. அடுத்தவர் பேரனை ரசிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

மனைவிக்காகத்தான் வந்தேன். எங்கள் ஒரே மகள் இறந்த பிறகு டெல்லி வீட்டில் அவள் பேச்சையே விட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில், அதுவும் ஒற்றை வார்த்தையில். இங்கே பக்கத்து வீட்டில் புனேயிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் இருந்தார். “வாங்கக்கா, நடக்கலாம்” என்று தினமும் கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஒரு மாலை குளித்துக்கொண்டிருந்தபோது வெளியே மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சோப்பு நுரையோடு அப்படியே நின்று அழுதேன். அந்தச் சிரிப்பு மறுபடி போய்விடக் கூடாது. அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வேறு கவலையே இல்லை.

தை பிறந்ததும் பேராசிரியைக்குச் சம்பா அறுவடை பார்க்க ஆசை வந்தது. “எங்க ஊருக்கே போகலாமே! கொழுந்தனார் வீட்ல சாப்பிட்டுட்டு வரலாம்” என்று மனைவி எல்லோரையும் அழைத்துவிட்டாள். என் உத்தியோகத்தையும் பேச்சையும் பார்த்து அவர்களாகவே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் வந்ததும், “வேணாம்மா” என்றேன்.

“ஏன்?”

“ஒனக்குத் தெரியாதா?”

“அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க. தினம் என் கையால காபி குடிக்கிறாங்க.”

யார் கை என்று தெரியாமல் குடிக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை வேன் பாட்டும் கைதட்டலுமாகக் கிளம்பியது. நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். ஊருக்குள் நுழைந்ததும் மாடி வைத்த பெரிய வீடு ஒன்றைக் காட்டி, “இதுதான் உங்க வீடா சார்?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லீங்க, இன்னும் போகணும்.”

கோயில் வந்தது. “இந்தத் தெருவா?”

“இல்லீங்க. நேரா.”

வேன் கோயிலைத் தாண்டி, மதகுப் பாலத்தில் ஏறி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. சுடுகாட்டையும் தாண்டினோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவருடைய சாதியைச் சொல்ல இதற்கு மேல் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பின்னால் பாட்டு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மனைவி மட்டும் ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் அப்பா பண்ணையாளாக வேலை செய்த வயலில் ஒரு பகுதி இப்போது தம்பியுடையது. அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். வரப்பில் நின்று நன்றாகவே சிரித்தார்கள். தம்பி மனைவி விடியற்காலையிலேயே எழுந்து, யாருக்கும் சங்கடம் வரக் கூடாதென்று முழுக்க சைவமாகச் சமைத்திருந்தாள். உளுந்து வடை, வத்தக்குழம்பு, பால் பாயசம். கூடத்தில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று.

“காலைல சாப்பிட்டதே நெஞ்சுலயே நிக்குது” என்றார் ஒருவர். இன்னொருவருக்குச் சர்க்கரை. பேராசிரியைக்குத் திடீரென்று சனிக்கிழமை விரதம். முந்தைய சனிக்கிழமை பட்டுக்கோட்டையில் அவர் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். உரித்துச் சாப்பிடுகிற வாழைப்பழத்துக்கும் மூடி திறக்காத கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கும் மட்டும் விரதமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எனக்கு அப்படியே எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவன் எல்லோருக்கும் பாட்டில்களைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அதிலும் ஒருவர், “குடுங்க, நானே தொறந்துக்கறேன்” என்றார்.

மனைவி வாய் ஓயாமல் உபசரித்தாள். “ஒரு வாய் சாப்பிடுங்க. விரதம்னா பாயசம் மட்டுமாவது.” அவளுக்கு இன்னும் புரியவில்லையா, புரிந்துதான் கெஞ்சுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்த நீள வரிசையில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியே வேன் ஹாரன் அடித்தது.

கிளம்பும்போது தம்பி மனைவி வடையையும் பாயசத்தையும் டப்பாக்களில் போட்டுக் கொடுத்தாள். “விரதம் முடிஞ்சப்புறம் சாப்பிடட்டும்க்கா” என்றாள். மாலையில் மனைவி அதைப் பேராசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “எதுக்குக்கா இவ்வளவு சிரமம்?” என்றாராம். வீட்டுக்கு வந்து, “பாத்தீங்களா, வாங்கிக்கிட்டாங்க. நீங்கதான் எல்லாரையும் சந்தேகப்படுவீங்க” என்று மனைவி என்னிடம் சொன்னாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் தப்புக் கணக்குப் போட்டிருக்கக் கூடாதா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை இருவரும் நடக்கக் கிளம்பினோம். தோப்பு கேட்டருகே கூட்டுகிற அம்மா உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அந்த டப்பாக்கள்.

“புனே அம்மா நேத்து சாயங்காலமே குடுத்துட்டாங்கம்மா. பாயசம் அவ்ளோ ருசி. நீங்க செஞ்சதா?”

“எங்க வீட்ல செஞ்சது. நல்லா சாப்பிடுங்க” என்றாள் மனைவி.

நடக்கப் போகவில்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினாள். “டெல்லிக்கு டிக்கெட் பாருங்க” என்றாள்.

“அங்க இப்ப பயங்கரக் குளிரா இருக்குமேம்மா. மாசி பொறக்கட்டும்.”

“இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு, ரயிலேறி டெல்லி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை.