கீரி வந்த வழி

ஒத்தக்கடையில் வீடு கட்டி நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் காலி மனைகளும் சீமைக்கருவேலமும்தான். துணை என்று இருந்தது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் மட்டுமே. எங்களுக்குத் தண்ணீர் இணைப்பு வரும்வரை அவர் வீட்டுக் குழாயில்தான் குடம் பிடித்தேன். அதனால் என் கோழிகள் முட்டையிடத் தொடங்கியதும், வாரம் தவறாமல் அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிடுவேன்.

முதல் கோழி போனது ஒரு காலைப்பொழுதில். துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது. கீரி ஒன்று சுவரேறி ஓடியது. கூண்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்தேன். வலைக்கடியில் மண்ணைத் தோண்டி நுழைந்து, ஏழு குஞ்சுகளை ஒரே மதியத்தில் கொன்றுபோட்டது.

"பாவிக் கீரி, எங்கிட்டு இருந்துதான் வருதோ. மனச விட்றாத தங்கச்சி" என்றார் அக்கா. குஞ்சுகளைப் புதைக்க அவர்தான் குழி வெட்டினார். அழவும் செய்தார்.

கூண்டை மொட்டைமாடிக்கு மாற்றலாமா என்று ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அக்கா தன் கொல்லைப்புறத்தில் ஒரு தட்டை வைத்துவிட்டு, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். கருவேல மறைவிலிருந்து கீரி ஓடி வந்தது. அவரைக் கண்டு அது மிரளவே இல்லை. தட்டில் இருந்தது முட்டை. நான் கொடுத்த முட்டை.

நேரே இறங்கிப் போனேன்.

"அக்கா, அதுக்குத் தீனி வைக்கிறது நீங்களா?"

தட்டை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாம்புக்குப் பயந்துதான் தங்கச்சி. எங்க வீட்டுக்காரரக் கடிச்சு எம்புட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. கீரி நடமாடுனா பாம்பு அண்டாதுல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வைக்க விட்டிருப்பியா?"

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவர் பயம் எனக்குத் தெரியாததில்லை. பாம்பு கடித்த அன்று ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தது நான்தான். பயத்தை மன்னித்துவிடலாம். என்னோடு நின்று குழி வெட்டி அழுதாரே, அதை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை.

மிச்சமிருந்த கோழிகளை மாடிக்கு ஏற்றி, சிமெண்டுத் தரையில் இரும்புவலைக் கூண்டு வைத்தோம். அதன்பின் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

சில வாரம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றார். "மாட்டுத்தாவணிக்குப் போறேன் தங்கச்சி, காய் ஏதும் வாங்கியாரவா?"

"வேணாங்க" என்றேன். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.