மூளையில் ஒரு முடிச்சு: பிரபாகரோடு புணேயில் இரண்டு நாள்

இந்தப் பக்கத்தில் இதுவரை மலை, அருவி, பஸ் நேரம் என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். இது ஆஸ்பத்திரிக்குப் போன பயணம். போவதற்கு முன் தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன்; தூக்கத்தைக் கெடுக்கும் வரிகள்தான் கிடைத்தன. இதே காரணத்துக்காகப் புணே கிளம்பும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். பிரபாகரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிரபாகர் யார் என்று சொல்ல வேண்டும். எனக்கு நாற்பத்து மூன்று வயதில், தூரத்து உறவில் ஒரு அத்தை கொண்டுவந்த வரன். அவருக்கு நாற்பத்தாறு. புணேயில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டையை விட்டு ராணுவ அலுவலக வேலைக்கு வந்து, கண்டோன்மென்ட் பக்கமே தங்கிவிட்ட குடும்பம். நான் தாம்பரத்தில் இருந்தேன். ஏழு மாதம் போனில் பேசினோம். அவர் தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். ஜனவரியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

சென்ற ஆகஸ்டில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது அவர் வலது கை தானாக வெட்டி இழுத்திருக்கிறது. சாக்பீஸ் விழுந்தது. நாலு நிமிடம் பேச்சே வரவில்லை. ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய்கள் முடிச்சாகப் பின்னிக் கிடப்பது தெரிந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்த செய்தி ஒரே வரி: ‘மெர்சி, கல்யாணம் வேண்டாம், நீங்க நல்லா இருக்கணும்.’ நான் எழுதினேன்: ‘பெரிய டாக்டரை எப்போ பாக்குறீங்க? நானும் வர்றேன்.’

தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். “இப்பவே வெலகிக்கோ, பின்னால அழுது பிரயோஜனமில்ல” என்று என் அண்ணன் சொன்னதை நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பரில், கணபதி விழா முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை காலை 9.40 விமானம். சென்னையிலிருந்து டிக்கெட் 5,240 ரூபாய். 11.25க்கு இறங்கிவிட்டேன். பையை வைத்துக் குளித்துக் கிளம்ப, விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரிலேயே ஒரு லாட்ஜ் எடுத்திருந்தேன்: ஒரு நாளுக்கு 1,650, சுத்தமான அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஆபீஸ் சுவர். காலை டிபனுக்குக் கொடுக்கும் போஹா, அதாவது அவல் உப்புமா, நன்றாக இருக்கும்.

பிரபாகர் தன் வீடு இருக்கும் வானவடியிலிருந்து ஆட்டோவில் வந்து லாட்ஜ் வாசலில் நின்றார். நேரில் பார்ப்பது அதுதான் இரண்டாவது முறை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஸ்கேன் கவர். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவில் மீட்டர்படி 178 ரூபாய். விழாப் பந்தல்களைப் பிரித்துப்போட்ட மூங்கில்கள் சாலையில் கிடந்ததால் ஐம்பது நிமிடம் ஆனது. டிரைவர் ஸ்கேன் கவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியில் கேட்டார். பிரபாகர் தனக்கு என்றார். அதன் பிறகு அந்த மனிதர் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தியே ஏற்றினார்.

மூன்றரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், நாலே காலுக்குக் கூப்பிட்டார்கள். கன்சல்டேஷன் 1,500 ரூபாய். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, மராத்தி பேசுபவர். என்னைப் பார்த்து, “நீங்கள் இவருக்கு யார்?” என்று இந்தியில் கேட்டார்.

பிரபாகர் முந்திக்கொண்டு, “தோஸ்த்” என்றார்.

தோழி என்றால் வெளியே உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளைச் சேர்த்து, “ஹோனே வாலி பத்னி” என்றேன். மனைவியாகப் போகிறவள். உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேனா, உண்மையாகவே சொன்னேனா என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியாது. பிரபாகர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். தமனியில் ரத்தம் வேகமாக வரும். மெல்லிய நுண்குழாய்களுக்குள் பிரிந்து, வேகம் தணிந்து, பிறகுதான் சிரைக்குப் போகும். இவருக்கு ஓரிடத்தில் நடுவில் அந்த நுண்குழாய்களே இல்லை. தமனியிலிருந்து நேராகச் சிரைக்குப் பாய்கிறது. அந்த வேகத்தைச் சிரையால் தாங்க முடியாமல் வீங்கிச் சுருண்டிருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும், இப்போதுதான் தன்னைக் காட்டியிருக்கிறது.

இனி என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இதுவரை கசியவில்லை, அது நல்ல விஷயம். கசியாத முடிச்சு உள்ள நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்தச் சின்ன ஆபத்து ஒவ்வொரு வருடமும் திரும்ப வரும்; கசிந்தால் உயிருக்கோ கைகாலுக்கோ பேச்சுக்கோ சேதம் வரலாம். அறுவை சிகிச்சையில் உடனே தீர்த்துவிடலாம் என்றாலும், இவருடையது பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருப்பதால் அதில் பேச்சு போகும் ஆபத்து உண்டு. சின்னதாக இருப்பதால் கதிர்வீச்சைக் குவித்துப் பாய்ச்சலாம். ஒரே நாள் வேலை, ஆனால் முடிச்சு மூட இரண்டு மூன்று வருடம் ஆகும், சிலருக்கு மூடாமலும் போகும். மூடும்வரை ஆபத்து அப்படியே இருக்கும். எதுவும் செய்யாமல் கவனித்து வருவதும் ஒரு வழிதான்.

பிரபாகர் ஏதோ கேட்க வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. வலிப்புக்காக அவருக்குக் கொடுத்திருந்த மாத்திரை ஆரம்பத்தில் கொஞ்சம் மந்தமாக்கும். எனக்குப் பொறுக்கவில்லை, “கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறார்” என்று ஆங்கிலத்தில் முடித்துவைத்தேன்.

பிரபாகர் தலையசைத்து மறுத்தார். மெல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: “பிறக்கிற குழந்தைக்கு வருமா?”

பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. எங்கள் வயதில் அது பேச்சில் வராமலே ஒதுங்கி நின்றது. டாக்டர் சிரித்தார். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றார். கல்யாணத்துக்கும் தடையில்லை என்று கேட்காமலே சொன்னார்.

அன்று இரவே திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன். லாட்ஜுக்கு வந்ததும் அதை மாற்றினேன். கூடுதலாக 1,900 ரூபாய்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு கேம்ப் பகுதியில் ஒரு பழைய இரானி ஹோட்டலில் உட்கார்ந்தோம். இரண்டு பன் மஸ்கா, நாலு சாயா, 210 ரூபாய். வெண்ணெய் தடவிய பன்னை சாயாவில் தொட்டுச் சாப்பிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பிறகு பன்னைத் தட்டில் வைத்துவிட்டார்.

“மெர்சி, டாக்டர்கிட்ட நீங்க அப்படி சொன்னது... அதுக்காக நீங்க பந்தன்... கட்டுல மாட்டிக்க வேணாம்.”

“உங்களுக்கு எது பயமா இருக்கு?” என்று கேட்டேன்.

“சாவு பயம் கம்மி. பேச்சு போயிட்டா?” சாயா கிளாஸைத் தள்ளி வைத்தார். “க்ளாஸ்ல அன்னிக்கு, எல்லா வார்த்தையும் உள்ள இருக்கு. வெளிய வரல. பசங்க பாக்கறாங்க. நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? சாயங்காலம் உங்களுக்கு ஃபோன் பண்ணணும். எப்படி பண்றது?”

சாயா ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் தோன்றவில்லை.

“நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றேன். “பிளேன்ல வரும்போது, உங்ககிட்ட வேண்டாம்னு எப்படிப் பக்குவமா சொல்றதுன்னு யோசிச்சிட்டுதான் வந்தேன்.”

அவர் கோபப்படவில்லை. “சொல்லலாம். சரிதான்” என்றார்.

“நேத்து ராத்திரி அது ஞாபகத்துக்கே வரல. உங்களுக்கு எந்த சிகிச்சை நல்லதுன்னுதான் யோசிச்சேன். பயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. நீங்க ஃபோன் பண்ணுங்க. பேச்சு வரலன்னா நான் பேசுறேன். நீங்க கேட்டுட்டு இருந்தாப் போதும்.”

அவர் பன்னை எடுத்து, பெரிய துண்டாகப் பிய்த்து என் தட்டில் வைத்தார். எங்களுக்கு நிச்சயம் நடந்தது அங்கேதான் என்று நான் சொல்லிக்கொள்வேன். எங்கள் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்.

நவம்பரில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஜனவரியில் கண்டோன்மென்ட் பக்கத்துச் சின்ன ஆலயத்தில் கல்யாணம் நடந்தது; அண்ணனும் வந்தான். இப்போது வானவடியில் இருக்கிறோம். போன மாதம் எடுத்த ஸ்கேனில் முடிச்சு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இன்னும் மூடவில்லை. மாத்திரை தொடங்கிய பிறகு வலிப்பு வரவில்லை. அடுத்த ஸ்கேன் அடுத்த வருடம். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

வருகிறவர்களுக்கு: ஸ்கேனின் சிடியைக் கையில் கொண்டுவாருங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. டாக்டரைப் படம் போடச் சொல்லுங்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாருடைய முடிச்சும் ஒன்றல்ல. எங்களுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடுங்கள். ஆஸ்பத்திரி நாளன்றே திரும்பும் டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொன்று. சில காலைகளில் பிரபாகர் ஒரு சொல்லைத் தேடுவார். எனக்கு அது தெரியும், நாக்கு நுனியில் வந்துவிடும். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தோசை சில நாள் கொஞ்சம் கருகும். அவர் சொல்லி முடிப்பார்.