காசு கட்டினவர்தான் கஸ்டமராம்

“…அதுதான் சொல்லுறன் பிள்ளை, கேக்கைத் தாரும், பூவையும் தாரும், உந்தப் பாட்டுப் பெட்டியை மட்டும் இறக்காதையும். வேலிக்கு அங்கால பிரேதம் கிடக்குது.”

அந்த அம்மா படலையை முழுதாகத் திறக்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, அயலுக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தில் மெல்லத்தான் சொன்னா. என் கையில் கேக் பெட்டி. எனக்குப் பின்னால் ஓட்டோவுக்குள் இருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. ஸ்பீக்கரை இறக்கப் போன ஓட்டோக்கார அண்ணை அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். வேலிக்கு அங்கால் செபமாலை சொல்லுகிற சத்தம் கேட்டது. ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடியைக் கண்டனாங்கள்தான். ஊருக்குள் எங்கேயோ செத்தவீடு என்று நினைத்தோமே தவிர, நாங்கள் போகிற வீட்டுக்கு அடுத்த வீடு என்று நினைக்கவில்லை.

ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, கடலை ஒட்டின ஊர் அது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். சுவிஸில் இருக்கிற மகன் காசு கட்டி, கேக், பூ, பலூன், பாட்டு எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். இப்படிச் சர்ப்பிரைஸ் கொடுக்கிறதையே வியாபாரமாகச் செய்கிற கடை ஒன்று யாழ்ப்பாண டவுனில் இருந்தது. தீவுப்பக்கத்து ஓடர்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்தால் மட்டும் போதாது. பாட்டைப் போட்டு, கேக்கை வெட்டவைத்து, அந்த ஆள் திகைத்து, சிரித்து, அழுகிறதை வீடியோ கோலில் வெளிநாட்டுக்குக் காட்டவேண்டும். காட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். நான் அங்கே இன்னும் நிரந்தரமாகாத ஆள். ஒரு முறைப்பாடு வந்தாலும் பிறகு வரத் தேவையில்லை என்று முதலாளி சொல்லித்தான் வேலைக்கு எடுத்தவர். என் வீட்டுக்காரருக்கு முள்ளந்தண்டில் வருத்தம், கடலுக்குப் போய்க் கனகாலம். என் சம்பளத்தை விட்டால் எங்களுக்கு வேறொன்றும் இல்லை.

படலையடியில் நின்ற எனக்குள் கொதி ஏறினது. அந்த அம்மாவில் இல்லை. இப்படியொரு இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தின வியாபாரத்தில்.

நான் பார்க்காத வேலை இல்லை. முதலில் நயினாதீவில், இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு கடையில் நின்றேன். கற்பூரம், சோடா, பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான். கோயிலுக்கும் விகாரைக்கும் வள்ளத்தில் வந்து இறங்குகிற சனம்தான் அங்கே வாங்குகிற ஆக்கள். இன்றைக்கு வந்தவர் இனி ஒருக்காலும் வராமல் விடலாம். கடைக்கார அக்கா என்னிடம் சொல்லுவா: “முகத்தைப் பாராதை, கையைப் பார். கையில விபூதிப் பொட்டலம் இருந்தால் கும்பிட்டு முடிஞ்சுது, இனித்தான் வாங்கும். கை வெறுமையாய் இருந்தால் இப்பத்தான் இறங்கினது, விலை மட்டும் கேக்கும். அதோட உன்ரை தொண்டையைக் காயப் பண்ணாதை.” அவவின் கதையைக் கேட்கிறதுக்காகவே நான் அங்கே ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருப்பேன்.

பிறகு ஊர்காவற்றுறையில் ஐஸ் விற்கிற இடம். அங்கே வருகிறது கடல்தொழிலுக்குப் போகிற ஆக்கள். நாளுக்கு நாள் அதே முகங்கள். ஐஸ் கொஞ்சம் கரைந்திருந்தால் போதும், பகிடி தொடங்கிவிடும். “அக்கா, நான் ஐஸ் கேட்டனான், நீங்கள் தண்ணி தாறியள். குளிச்சிட்டே போகட்டோ?” என்று ஒருவர் கேட்பார். “சவுக்காரமும் வேணுமெண்டால் சொல்லும்” என்று நானும் விடமாட்டேன். பேசிவிட்டுப் போனவர் திரும்பி வரும்போது ஒரு கோர்வை மீனை என் மேசையில் தொங்கவிட்டுவிட்டுப் போவார். அங்கே பிழை விட்டால் அடுத்த நாள் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் ஐஸ் அளக்கவேண்டும். அதனால் பிழை குறைவு. அந்த இடம் மூடப்பட்டபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

இப்போது வேலை தேடுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, அக்கா சம்பளம் எப்பிடி, லீவு எப்பிடி என்று கேட்கிறார்கள். கேளுங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முதல், அங்கே முன்னால் வந்து நிற்கிற ஆள் ஆர் என்று கேளுங்கோ. ஒருநாள் வந்து போகிற ஆளோ, திரும்பத் திரும்ப வருகிற ஆளோ? காசு கொடுக்கிறவரும் சாமானை வாங்குகிறவரும் ஒரே ஆளோ? ஒரே ஆள் என்றால் பயமில்லை, அவர் உங்களை ஏசுவார், நீங்கள் சமாளிப்பீர்கள். வேறு வேறு ஆள் என்றால் வடிவாக யோசியுங்கோ. முதலாளி ஒரு பக்கம்தான் நிற்பார். மற்றப் பக்கத்து ஆளின் முகத்துக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள்.

இது எனக்கு நேர்முகத்தேர்வில் தெரியாமல் போய்விட்டது. முதலாளி என்னைவிட வயதில் குறைந்த பெடியன், நான் “சேர்” என்றுதான் கூப்பிடவேண்டும். கண்ணாடி மேசைக்கு அங்கால் இருந்து, “எங்கட கஸ்டமர் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. “நாங்கள் கொண்டுபோற சாமானை வாங்கிற ஆக்கள், சேர்.”

அவர் சிரித்துவிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பிள்ளையைப் பார்த்து, “கேட்டீரோ?” என்றார். பிறகு எனக்குச் சொன்னார்: “அக்கா, இது ஐஸ் யாவாரம் இல்லை. காசு கட்டினவர்தான் கஸ்டமர். அவர் கனடாவில இருப்பார், லண்டனில இருப்பார். மற்ற ஆள் டெலிவரி.”

அந்தக் கடையில் மனிசரை அப்படித்தான் சொல்லுவார்கள். “அல்லைப்பிட்டி டெலிவரி அழுததோ?” “வேலணை டெலிவரி வீட்டில இல்லையாம்.” பெற்று வளர்த்து, விமானம் ஏற்றி அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற தாய் தகப்பனுக்கு அங்கே பெயர் டெலிவரி. கேட்கக் கேட்க எனக்குக் காது கூசும். ஆனாலும் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவேன். சம்பளம் வேணுமே.

ஒருமுறை கரம்பொன் ஊரில் ஒரு ஐயாவுக்குப் பிறந்தநாள். நாங்கள் போகிறபோது இடுப்பில் சாரம் மட்டும் கட்டி, கிணற்றடியில் முகம் வழித்துக்கொண்டு நின்றார். பாதி வழித்தாயிற்று, பாதியில் நுரை. பாட்டுத் தொடங்கினதும் சவர அலகோடு ஓடிவந்தார். நிலைமை விளங்கினதும், “தங்கச்சி, மற்றப் பக்கத்தையும் வழிச்சிட்டு ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு வரட்டே?” என்று கேட்டார். எவ்வளவு மரியாதையான கேள்வி! நான் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டதற்கு, “லைவ் போகுது அக்கா, கஸ்டமர் வெயிற்றிங்” என்று பதில் வந்தது. அந்த ஐயா அரை முகத்தோடு, வெறும் மேலோடு, கனடாவுக்குச் சிரித்தார். “என்ரை பேரப்பிள்ளையள் பயப்பிடப் போகுதுகள்” என்று அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கேக் வெட்டி முடியும்வரை அந்தக் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டே நின்றார். காசு கட்டின மனிசனை இப்படிச் சாரத்தோடு நிறுத்தி ஆராவது படம் எடுப்பார்களோ? விடுவாரோ அவர்?

சரி, படலையடிக்கு வருகிறேன். நான் முதலாளிக்குப் போன் எடுத்தேன். “சேர், பக்கத்து வீட்டில விடியப்புறம் ஒருவர் மோசம் போயிட்டார். பாட்டுப் போட ஏலாது. கேக்கையும் பூவையும் குடுத்திட்டு வாறன். பாட்டை வேறை நாளைக்கு வைப்பம்.”

“வேறை நாளைக்குப் பிறந்தநாளோ அக்கா? கஸ்டமர் வேலைக்கு லீவு போட்டிட்டு இருக்கிறார்.”

“செத்தவீடு, சேர்.”

“செத்தவர் எங்கட கஸ்டமரோ?”

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்துதானோ இந்தக் கதை வந்தது என்று பார்த்தது மாதிரி. அவர் நிற்பாட்டவில்லை. “சத்தத்தைக் குறைச்சுப் போடுங்கோ. வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோங்கோ. அந்த மனிசியை ஒருக்காச் சிரிக்கச் சொல்லுங்கோ, ரெண்டு நிமிசம். வீடியோ இல்லாட்டி நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை.”

ஓட்டோக்கார அண்ணைக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும். “அக்கா, நான் உந்தப் பெட்டியை இறக்கமாட்டன். அவருக்கு வேணுமெண்டால் டவுனில இருந்து வந்து தானே நிண்டு ஆடட்டும்” என்றார். சொல்லிவிட்டு, பலூன்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வெடித்தால் சத்தம் கேட்கும். அதனால் வாயை இரண்டு விரலால் அமத்திப் பிடித்துக் காற்றை மெல்ல மெல்ல விட்டார்.

அதற்குள் மகனின் வீடியோ கோல் வந்துவிட்டது. எடுக்காமல் விட ஏலாது. அவர் நல்ல சேட்டுப் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா! சர்ப்பிரைஸ்!” என்று கத்தினார். நான் சத்தத்தைக் குறைத்து, போனை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

“மெல்லக் கதை ராசா. பக்கத்து வீட்டு அப்பு விடியப்புறம் மோசம் போயிட்டார்.”

“எந்த அப்பு? எங்களை நண்டு பிடிக்கக் கூட்டிக்கொண்டு போறவரோ?” அவரின் முகம் மாறிப்போனது. மடியில் இருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார். “எனக்கு ஏனம்மா ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நீ இண்டைக்குக் காலமை எடுக்கேல்லையே. எடுத்திருந்தால் சொல்லியிருப்பன்.”

“எடுத்தால் சர்ப்பிரைஸ் தெரிஞ்சுபோகுமெண்டு எடுக்கவேண்டாமெண்டு அந்தக் கடைக்காரர்தான் சொன்னவை.”

பார்த்தீர்களோ அநியாயத்தை! தாயின் அறுபதாவது பிறந்தநாளில் தாய்க்குப் போன் எடுக்கவேண்டாம் என்று ஒரு கடை மகனுக்குச் சொல்லியிருக்கிறது. அதற்குக் காசும் வாங்கியிருக்கிறது. கஸ்டமர், கஸ்டமர் என்று அவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடின அந்த மனிசன் போனுக்குள் இருந்து தேம்பி அழுதார். அவருக்காகத்தான் பாட்டுப் போடவேண்டுமாம். அவர் அழுதுகொண்டே என்னிடம் கேட்டது, “அக்கா, பாட்டு ஒண்டும் போட்டிடாதேங்கோ” என்றுதான். அப்படியென்றால் நாங்கள் இவ்வளவு காலமும் ஆருக்கு வேலை செய்தோம்? தாய்க்கும் இல்லை, மகனுக்கும் இல்லை. கடைக்காரருக்கு அடுத்த ஓடர் பிடித்துக் கொடுக்கிற வீடியோவுக்கு. இரண்டு பக்கத்திலும் இருந்த மனிசரை ஆரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளியின் கோல் இடையில் வந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. அந்த வேலை எனக்கு அன்றோடு சரி. மகன் முறைப்பாடு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் வீடியோ இல்லை, அது போதும். அடுத்த நாள் காலமை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு நிற்கும்போதுதான் வரவேண்டாம் என்று செய்தி வந்தது. கொஞ்சக்காலம் கஷ்டப்பட்டோம், அதை மறைக்கவில்லை. இப்போது வெளிநாட்டுக்கு அனுப்ப நண்டு உடைக்கிற இடம் ஒன்றில் நிற்கிறேன். அந்த நண்டைத் தின்கிறவர்களை நான் ஒருநாளும் காணப்போவதில்லை. ஆனால் முதல்நாள் விடியப் போனதும் மேற்பார்வைக்காரியிடம் நான் முதலில் கேட்டது, ஊரில் செத்தவீடு என்றால் எங்களுக்கு லீவு தருவீர்களோ என்றுதான். அவ, “உது என்ன கேள்வி, நானும் போகவேணுமெல்லோ” என்றா. அந்த ஒரு பதிலுக்காக அங்கே சேர்ந்தேன்.

அன்றைக்கு அந்த அம்மா மகனோடு கதைத்து முடித்து, போனை என்னிடம் தந்தா. கோலை நிற்பாட்டவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மகன் சொன்னார். நான் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அவவைச் சிரிக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“அந்தப் பிள்ளையள் விடியத் தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை” என்றா. வேலிக்கு அங்கால் பார்த்துத்தான் சொன்னா. “பிரேதம் கிடக்கேக்க அடுப்பு மூட்டுறேல்லையெல்லோ. உந்தக் கேக்கைத் தாரும் பிள்ளை.”

கேக் பெட்டியை வாங்கிக் குசினி மேசையில் வைத்துத் திறந்தா. வெள்ளைக் கிறீமில் சிவப்பு எழுத்தில், ‘அம்மாவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள்’ என்று எழுதியிருந்தது. அதை ஒருமுறை வாசித்தா. பிறகு கறிக்கத்தியைக் கழுவித் துடைத்து, ஒரு ஓரத்தில் தொடங்கி எழுத்து முழுவதையும் வழித்துச் சட்டியில் போட்டா. கிறீம் ரோசாப்பூவையும் கிள்ளி எடுத்தா. வெறும் கேக்கைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் அடுக்கி, துவாய் ஒன்றால் மூடிக்கொண்டு, முதுகை வளைத்து, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் செத்தவீட்டு வளவுக்குள் இறங்கினா.