இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தவர்

வணக்கம். அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராகத்தான் தெரியும். அதற்கு முன்பு அவர் என்ன வேலை செய்தார், அதை ஏன் விட்டார் என்பதை மகளாகிய நான் எழுதிவைக்க விரும்புகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆகவே இது என் கடமை.

அப்பா மலைமேல் உள்ள அரியூர் நாட்டில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய கூரை வீட்டில் பிறந்தார். எழுத்தறியாதவர். மீசை அரும்பும் வயதில் மலையிறங்கி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். வண்டி வடமாநிலங்களில் ஓடும். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது மட்டும் வீட்டுக்கு வருவார். மற்ற மாதங்களில் சோறும் தூக்கமும் வண்டியடியில்தான். துளை போடத் தொடங்கிவிட்டால் தண்ணீர் வரும்வரை யாரும் நகர முடியாது. கம்ப்ரசர் சத்தத்தில் அவருடைய இடது காது போயிற்று. கூட வேலை செய்த ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின.

அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் ரிக் வண்டிக்காரர்கள் கையால் பேசிக்கொள்வார்கள். ஒரு விரலைத் தூக்கினால், இன்னும் ஒரு பைப் இறக்கு. மூடிய கையை உயர்த்திப் பிடித்தால், இன்ஜினை நிறுத்து. வீட்டிலும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பிடும்போது ஒரு விரலைத் தூக்குவார். இன்னொரு களி உருண்டை வேண்டும் என்று பொருள்.

"ஏனுங்க, நானென்ன உங்க வண்டியில ஹெல்ப்பருங்களா? வாயத் தொறந்து கேளுங்க" என்பார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே மறுபடியும் விரலைத் தூக்குவார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு, மழைக்கு வந்திருந்தார். காது கேட்காததால் அவர் உரக்கப் பேசுவது எனக்கு அதட்டுவதுபோல் இருக்கும். ஒருநாள் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், "அப்பா, நீங்க எப்பங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"ஏன் கண்ணு?"

"நீங்க போனாத்தான் நான் சத்தம் போட்டுப் படிக்க முடியும். இப்பப் பயமா இருக்குதுங்க."

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். மூடிய கையை உயர்த்திக் காட்டினார். வாயை மூடச் சொல்கிறார் என்று நினைத்து நான் ஓடிவிட்டேன்.

மழை விட்டதும் முதலாளி போன் செய்தார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"வண்டி கெளம்புது. எப்ப எறங்கற?"

"இனிமே வரலீங்க."

"மலையில உக்காந்து என்னத்தப்பா பண்ணப் போற?"

"தெனமும் ஊட்டுல சோறு திங்கப் போறனுங்க."

அம்மா அடுப்படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கையின் பொருள் புரிந்தது.

சில மாதங்களில் தொட்டி ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காலையும் மாலையும் மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். இடையில் சொந்தக் காட்டில் மரவள்ளி, சாமை. சம்பளம் குறைவு. வீடு கட்டும் எண்ணம் பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அம்மா அதைச் சொல்லிக் காட்டியதும் உண்டு. அம்மாவின் அண்ணனான என் மாமா, "ஊரூரா போர் போட்டவரு, இப்பக் கொழா தொறக்கறாரு பாரு" என்று பந்தியிலேயே கேலி செய்தார்.

"தண்ணி வந்ததும் வண்டி அடுத்த ஊருக்குப் போயிரும் மச்சான். நான் போட்ட போர்ல ஒருத்தரு குடிச்சு நான் பாத்ததில்ல. இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அப்பா.

மாலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, நல்ல காதை என் பக்கம் திருப்பி உட்காருவார். "இன்னும் சத்தமாப் படி சாமி" என்பார். அந்தச் சத்தத்தில்தான் நான் கல்லூரி வரை படித்தேன். இன்று நாமக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் அவர் கைகாட்டியது நர்சுகளுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. மூடிய கையை உயர்த்தினார், வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வந்த மறுநாள் என்னை விரலால் சுட்டி, பிறகு பஸ் வரும் ரோட்டைச் சுட்டினார். எப்போது போவாய் என்று கேட்டார். பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்திருந்தேன். அதை விளக்காமல், மூடிய கையை உயர்த்திக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையால் அதைப் பிடித்துக்கொண்டார். ஆறாம் நாள் பிற்பகலில் அப்பா அமைதியாகக் கண்மூடினார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், வளைவுகளில் குலுங்காமல் வண்டி ஓட்டி அவரை மலைமேல் வீட்டில் சேர்த்த ஓட்டுநருக்கும், காரியங்களில் தோள்கொடுத்த மாமாவுக்கும் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அவர் படுத்திருந்த நாட்களில் அண்டைவீட்டார் முறைவைத்து மோட்டார் போட்டார்கள். அப்பாவை எடுத்த அன்று காலையிலும் ஊருக்குத் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. அதற்கும் நன்றி.