என்னைத் தாண்டிப் போன சுருக்குப்பை

நடவு வயலில் இடுப்பு வலியை மறக்க எங்களுக்கு வெற்றிலையும் புகையிலையும்தான் துணை. ஒருத்தியின் சுருக்குப்பை எல்லோர் கைக்கும் சுற்றி வரும்.

ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் வாயைக் காட்டினேன். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருந்தது.

"புற்றுநோயா மாறக்கூடும்மா. புகையிலைய விட்டுடுங்க, விடாம வந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

விட்டுவிட்டேன். ஆனால் பை என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "அக்காவுக்கு வேணாம்டி, டாக்டராயிட்டாங்க" என்று செல்வி கேலி செய்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். வரப்பின் மறுமுனையில் தனியே உட்காரத் தொடங்கினேன். புகையிலையைவிட அந்தக் கூட்டத்துக்குத்தான் மனம் ஏங்கியது.

ஒரு மதியம் செல்வி என்னருகே வந்து, வெயிலைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு இருந்தது எனக்கும் இருக்கான்னு பாருங்கக்கா."

இருந்தது.

"நாளைக்குச் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம்டி" என்றேன்.

அன்று சுருக்குப்பை எங்கள் இருவரையும் தாண்டிப் போனது.