அக்காவுக்காக இளைத்த கல்லீரல்

இந்த நாட்டில் டாக்டரிடம் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. ஊசி கிடையாது, கலர் மாத்திரை கிடையாது. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் காய்ச்சல் என்று போனேன். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு, ஹாய்ஸ்ஆர்ட்ஸ் என்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மாரிகா. அறை வாசலுக்குத் தானே வந்து கைகுலுக்கி அழைத்துப் போனார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தண்ணீர் குடிங்க, நல்லாத் தூங்குங்க, உடம்பு பாத்துக்கும்" என்று அனுப்பிவிட்டார். கும்பகோணத்தில் இப்படி ஒருவர் கிளினிக் திறந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று மனைவியிடம் பொருமித் தீர்த்தேன்.

அதே மாரிகாவிடம் போன வருடம் ஒரு பெரிய காரியத்துக்காகப் போய் நின்றேன். திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அக்கா செல்விக்குக் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொடாதவள். காமாலைக் கிருமி ஒன்று சத்தமில்லாமல் பல வருடம் உள்ளே குடியிருந்திருக்கிறது. வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். அவள் பிள்ளைகளின் ரத்த வகை சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. ஓடிப் போனேன். சென்னையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் தலையை ஆட்டினார். "உங்க ஈரல்லயே கொழுப்பு ஏறிக் கிடக்கு சார். இதுல வெட்டி எடுத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. குறைச்சுட்டு வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க" என்றார். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்த அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். "ஏன்டா, எனக்குக் குடுக்கப்போற ஈரல நெய்யில வறுத்தே எடுத்தாந்துட்டியா?" என்றாள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

திரும்பி வந்ததும் மாரிகாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சூடான சாப்பாடு?" மூன்று தடவை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே காலையும் மதியமும் ரொட்டியும் சீஸும்தான். அடுப்பில் சமைத்தது ராத்திரி ஒரு வேளை, அதுதான் முழுச் சாப்பாடு. நான் தினமும் மூன்று விருந்து சாப்பிடுகிறேன் என்று அவர் நினைத்தார். இனிமேல் ஆறிப்போனதைத் தின்னச் சொல்கிறாரோ என்று நான் நினைத்தேன். இட்லி என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில், தட்டில் சோறு எவ்வளவு இருக்கும் என்று கையால் காட்டச் சொன்னார். காட்டினேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த அளவு என் அப்பாவுடையது. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர் அவர். விடியும் முன்னே இறங்கி, முழங்கால் சேற்றில் நாற்றுக் கட்டுத் தூக்கி, வெயில் தாழ்ந்து கரையேறி, குவித்து வைத்த சோற்றைச் சாப்பிடுவார். மறுநாள் சாயங்காலத்துக்குள் அது வியர்வையாகப் போய்விடும். எங்களைப் படிக்கவைத்துச் சேற்றிலிருந்து மேலே ஏற்றிவிட்டார். வயல் போனது, வியர்வை போனது, சோற்றுக் குவியல் மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் தட்டுகிறவன் நாற்றுப் பறிப்பவரின் சாப்பாட்டைச் சாப்பிட்டால் அது எங்கே போகும்? ஈரலில்தான் போய்ப் படுக்கும்.

"சோறு பாதி, காய் இரண்டு மடங்கு. சர்க்கரை வேண்டாம். தினமும் வேகமாக நடங்க. நேரத்துக்குத் தூங்குங்க" என்றார் மாரிகா. மருந்து என்ன என்று கேட்டேன். "கழிவை வெளியேத்துறது ஈரலோட வேலை. அதுக்கு அந்த வேலை தெரியும். நீங்க குறுக்கே நிக்காம இருந்தாப் போதும்." எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், இவர் நடக்கச் சொல்கிறாரே என்று கடையில் பச்சை நிறத்தில் 'டீடாக்ஸ்' பாட்டில்களை வாங்கி வந்து ஒரு வாரம் அதையே குடித்துக் கிடந்தேன். ஈரலைச் சுத்தப்படுத்துமாம் என்று மூலிகைக் குளிகை ஒன்றையும் விழுங்கினேன். ஊரிலிருந்து சித்தப்பா மகன் அனுப்பிய கீழாநெல்லிப் பொடியும் சேர்ந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கெல்லாம் எகிறிப் போயிருந்தது. மாரிகா கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "எது கெடுத்ததுன்னு எனக்கே தெரியல. எல்லாத்தையும் நிறுத்துங்க. ஏற்கெனவே முடியாம வேலை செய்றவன் தலையில இன்னொரு மூட்டையை வச்சிருக்கீங்க" என்றார். சென்னைப் பயணம் தள்ளிப்போனது. அதை அக்காவிடம் சொல்வதை நாலு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவள் திட்டவில்லை. "சும்மா இருக்கறதுக்கு உனக்கு என்னடா கஷ்டம்?" என்று மட்டும் கேட்டாள். அவள் குரல் அதற்குள் மிகவும் மெலிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தேன். மழையோ காற்றோ, கால்வாய்க் கரையோடு நடந்தே அலுவலகம் போனேன். இந்த ஊரும் எங்கள் ஊரைப் போலத் தண்ணீர் தேசம்தான். ஆனால் இங்கே தாழ்ந்த நிலத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. எங்கள் வாய்க்காலில் வருடம் முழுக்கக் குப்பையும் ஆகாயத்தாமரையும் சேரவிட்டு, மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்றதும் அரக்கப்பரக்கத் தூர்வாருவோம். உடம்பையும் நான் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன் என்று அந்தக் கரையில் நடக்கும்போது புரிந்தது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று ஊரில் சொல்வார்கள். நானோ பாதி மென்றதும் அடுத்த கவளத்துக்குக் கை நீட்டுகிறவன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வீடியோவில் வருவாள். அங்கே அவள் தூங்கும் நேரம் தாண்டியிருக்கும், ஆனாலும் வருவாள். "தட்டக் காட்டு" என்பாள். காட்டுவேன். "அந்த உருளைக்கிழங்கு எதுக்கு? எடுத்து வை." அரிசியைக் குறைக்கச் சொன்ன மாரிகாவை முதலில் கரித்துக்கொட்டியவள் இவள்தான். பிறகு அவரைவிடக் கண்டிப்பாகிவிட்டாள். ஒருநாள் திடீரென்று, "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பொழச்சு என்னடா பண்றது? வேணாம் விட்டுரு" என்றாள். நான் தட்டைத்தான் காட்டினேன். அதில் பீன்ஸும் ஒரு கரண்டிச் சோறும் இருந்தன. பார்த்துவிட்டு, "மோர் ஊத்திக்க" என்றாள்.

சம்பா நடவு முடிந்திருந்த சமயத்தில் மறுபடி சென்னை போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பெரிய பங்கை வெட்டி அக்காவுக்கு வைத்தார்கள், சின்னது எனக்கு மிஞ்சியது. இருவரும் பிழைத்தோம்.

இப்போது இரண்டு துண்டும் வளர்ந்துவிட்டன. எனக்குள் இருப்பது இங்கத்திய ரொட்டியிலும் மழையிலும் வளர்ந்தது. அக்காவுக்குள் இருப்பது அவள் வயல் நெல்லின் கஞ்சியில் வளர்ந்தது. வெளிநாட்டுக்கு வந்தவர்கள் மனசு அங்கே, உடம்பு இங்கே என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்லவும் வழியில்லை. உடம்பிலேயே ஒரு பாகம் அங்கே போய்விட்டது.

போன வாரம் பேக்கரியில் வரிசையில் நிற்கும்போது அக்காவின் அழைப்பு வந்தது. வழக்கம்போல, "எப்படா ஊருக்கு வர்றே?" என்று கேட்டாள்.

"அதான் வந்து சேந்துட்டேனே அக்கா, உன்கிட்டதான இருக்கேன்."

"அவன் வந்துட்டான், நல்லாத்தான் வேல பாக்குறான். மிச்சம் எப்ப வரும்?"

சட்டைக்கு மேலாகத் தழும்பைத் தடவிக்கொண்டே நின்றேன். வரிசை நகர்ந்து, கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று டச்சில் கேட்டாள்.